காலையில் எரிகிறது, அரியாங்குப்பம் வந்தால் அணைகிறது: டயர் லைட் சந்தேகம்

கெடிலக்கரை:
வணக்கம். 2021 மாடல் ஹேட்ச்பேக், போன வருடம் செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். வீடு தேவனாம்பட்டினம், வேலை புதுச்சேரியில். பத்து நாளாகக் காலையில் வண்டியை எடுத்ததும் மீட்டரில் மஞ்சளாக ஒரு லைட், டயரில் காற்று குறைந்தால் காட்டுவது, எரிகிறது. குதிரை லாடம் மாதிரி வளைவு, நடுவில் ஆச்சரியக்குறி. கன்னியக்கோயில் வரை எரிகிறது, அரியாங்குப்பம் பாலத்துக்குள் தானாக அணைந்துவிடுகிறது. மாலையில் திரும்பும்போது முள்ளோடையில் பெட்ரோல் போட்டுக் காற்றும் பிடிக்கிறேன், நாலு டயருக்கும் 33 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு). மூன்று நாலு நாளில் மறுபடி எரிகிறது. டயருக்குள் காற்றை அளக்கும் சென்சார் போச்சா?

ஈசிஆர் ஓட்டி:
எனக்கும் எரிந்தது பாஸ். கறுப்பு டேப் ஒட்டிவிட்டேன், இப்போது எரிவதில்லை.

கெடிலக்கரை:
நன்றி, அந்த யோசனை வீட்டம்மாவும் சொன்னார்.

ஓய்வு மெக்கானிக்:
தம்பி, முதலில் ஒன்று சொல்லுங்கள். சாவி போட்டதும் லைட் விட்டு விட்டு எரிகிறதா, நின்று எரிகிறதா? ஒரு நிமிடம் போல மினுக்கிவிட்டு அப்புறம் நின்று எரிந்தால் சென்சார் பக்கம் கோளாறு. மினுக்காமல் நின்று எரிந்தால் காற்றுதான் குறைவு.

கெடிலக்கரை:
மினுக்கவில்லை அண்ணே, நின்றுதான் எரிகிறது.

ஓய்வு மெக்கானிக்:
அப்போது சென்சார் நல்லாத்தான் இருக்கிறது. உங்கள் தப்பு முள்ளோடையில். புதுச்சேரியிலிருந்து ஓட்டி வந்த சூட்டில் காற்று பிடிக்கிறீர்கள். டயர் உள்ளே 5, 6 டிகிரி சூடு ஏறினாலே ஒரு பிஎஸ்ஐ கூடும். அங்கே 33 காட்டினால் விடிகாலையில் 29, 30தான் இருக்கும். காலையில் வண்டி ஓடி டயர் சூடானதும் அதே கணக்கில் ஏறுகிறது, அதனால்தான் அரியாங்குப்பத்தில் அணைகிறது.

ஆனால் 29க்கெல்லாம் இந்த லைட் எரியாது. பொதுவாக, கம்பெனி சொன்ன அளவில் கால் பங்கு குறைந்தால்தான் எரியும். 33 என்றால் 25க்குக் கீழே. ஆக, ஏதோ ஒரு டயர் மட்டும் மெதுவாக இறங்குகிறது. நாளை காலை வண்டியை நகர்த்தாமல் நாலையும் கேஜ் வைத்துப் பாருங்கள்.

ஈசிஆர் ஓட்டி:
எதற்கு வம்பு, டயர் மேலேயே 51 பிஎஸ்ஐ என்று போட்டிருக்கும். அதிகமாகவே பிடித்துவிட்டால் குறையாதே?

ஓய்வு மெக்கானிக்:
அது அந்த டயர் தாங்கும் உச்சம். வண்டிக்கு எவ்வளவு வேண்டும் என்பது டிரைவர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில்தான். 51 பிடித்தால் நடுப்பட்டை மட்டும் தேயும், மழையில் பிரேக் பிடித்தால் வழுக்கும். இதைக் கேட்டு யாரும் செய்துவிடாதீர்கள்.

கெடிலக்கரை:
காலை ஆறு மணிக்குப் பார்த்தேன். முன்னால் இரண்டும் 29, பின் வலது 30, பின் இடது 24! ஸ்டிக்கரில் 33தான். ஆணி எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை. நைட்ரஜன் பிடித்தால் நிற்குமா?

முதலியார்பேட்டை வாசி:
சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான் சார். ஓட்டை இருந்தால் எதுவும் நிற்காது. பஞ்சர் கடைக்குப் போங்கள். போனதும் "உள்ளே சென்சார் இருக்கிறது, வால்வு பக்கம் கம்பி போட்டு நெம்பாதீங்க" என்று சொல்லிவிடுங்கள். என் வண்டியில் அப்படித்தான் ஒன்று உடைந்தது. அதன் விலையைக் கேட்டு இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை.

கெடிலக்கரை:
மஞ்சக்குப்பத்தில் ஒரு கடையில் சக்கரத்தைக் கொடுத்துவிட்டு ஸ்டெப்னி போட்டுக்கொண்டு வந்தேன். இப்போது லைட் மினுக்குகிறது! ஒரு நிமிடத்துக்கு மேல் மினுக்கி அப்புறம் நின்று எரிகிறது. கடைக்காரர் எதையாவது உடைத்துவிட்டாரா?

ஓய்வு மெக்கானிக்:
பதறாதீர்கள். பெரும்பாலான வண்டிகளில் ஸ்டெப்னிக்குச் சென்சார் கிடையாது. ஒரு சக்கரத்தைக் காணவில்லையே என்று வண்டி தேடுகிறது, அவ்வளவுதான். பழைய சக்கரம் மாட்டிக் கொஞ்ச தூரம் ஓட்டினால் சரியாகிவிடும்.

கெடிலக்கரை:
முடிவு சொல்ல வந்தேன். கடைக்காரர் வால்வு வாயில் எச்சில் தொட்டு வைத்துப் பார்த்தார், முட்டை விடவில்லை. தண்ணீர்த் தொட்டியில் போட்டதும் ரிம் ஓரத்தில், டயர் உட்காரும் இடத்தில், ஊசி முனை அளவுக்குக் குமிழி. கழற்றினால் அந்த விளிம்பு முழுக்கத் துரு. "கடலோர வண்டியா சார்?" என்றுதான் முதலில் கேட்டார். வீட்டு வாசலில் பின் இடது பக்கம் கடலைப் பார்த்துத்தான் நிற்கும், அதனாலா என்று தெரியவில்லை, எனக்கு அப்படித்தான் தோன்றுகிறது. கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்து, ரிம் சீலர் (காற்று கசியாமல் அடைக்கும் பசை) தடவி மாட்டினார்.

ஒரு வாரம் ஆகிறது. இப்போது வீட்டுப் பக்கத்திலேயே காலையில் 33 பிடிக்கிறேன். நாலும் அப்படியே நிற்கின்றன, லைட்டும் எரியவில்லை.

முதலியார்பேட்டை வாசி:
மற்ற மூன்று ரிம்?

கெடிலக்கரை:
முன் வலதில் லேசாகத் துரு ஆரம்பித்திருக்கிறது. அடுத்த மாதம் டயர் மாற்றும்போது அதையும் தேய்த்துத் தரச் சொல்லியிருக்கிறேன்.