ஹார்மோன் சிகிச்சை தொடங்கி பத்து வாரம், ரத்தம் படுகிறது

அக்கா, தங்கச்சிகளுக்கு வணக்கமுங்க. எனக்கு 51 வயது, ஊர் சென்னிமலை பக்கம். மாதவிலக்கு நின்று 16 மாதம் ஆகிறது. கர்ப்பப்பை எடுக்கவில்லை. சர்க்கரை, பிரஷர் கிடையாது. குடும்பத்தில் யாருக்கும் மார்பகப் புற்றுநோய் வந்ததில்லை.

போன ஐப்பசியில் ஆரம்பித்தது இந்த உடம்புச் சூடு. நெஞ்சில் கிளம்பி காது வரைக்கும் அனலாக ஏறும். ஐந்து நிமிஷத்தில் ஜாக்கெட் நனைந்துவிடும், அப்புறம் குளிரும். ராத்திரியில் நாலைந்து தடவை. மார்கழிப் பனியிலும் ஃபேன் போட்டுத்தான் படுத்தேன். தூக்கம் கெட்டு, பெட்ஷீட் தறிக்கூடத்தில் நான் எழுதும் கூலிக் கணக்கில் கூட்டல் தப்ப ஆரம்பித்தபோதுதான் பயந்துபோனேன்.

காபியை விட்டேன். உளுந்தங்களி, சோயா பால் எல்லாம் ஆறு மாதம் பார்த்தாயிற்று. தைராய்டு சரியாகவே இருக்கிறது. கடைசியில் ஈரோட்டில் ஒரு டாக்டரம்மா மேமோகிராம் (மார்பக எக்ஸ்ரே), ஸ்கேன் பார்த்துவிட்டு, தினமும் தோளில் தடவ ஈஸ்ட்ரடயால் என்ற பெண் ஹார்மோன் ஜெல்லும், கர்ப்பப்பையின் உள்சவ்வு தடிக்காமல் இருக்க ராத்திரிக்கு 100 மி.கி. புரோஜெஸ்டிரோன் என்ற இன்னொரு ஹார்மோனும் கொடுத்தார். நாலாவது வாரத்திலேயே சூடு நன்றாக அடங்கிவிட்டது. ஆறு மணி நேரம் தூங்குகிறேன்!

ஆனால் ஐந்தாவது வாரத்திலிருந்து விட்டு விட்டு ரத்தம் படுகிறது. டாக்டரம்மாவிடம் சொல்லிவிட்டேன். முதல் 3 முதல் 6 மாதம் இப்படி இருக்கலாம், அதிகமானாலோ அதைத் தாண்டினாலோ உடனே வரச் சொன்னார். வீட்டிலோ மருந்தையே நிறுத்தச் சொல்கிறார்கள். எனக்கு மனசில்லை.

இதே மருந்துகளை எடுத்தவர்கள் சொல்லுங்கள்: உங்களுக்கு ரத்தம் படுவது எத்தனையாவது மாதத்தில் நின்றது?