ஊசி பழகும் கை ஒழுகுகிறது: தோல், குழாய் மட்டும் எங்கே கிடைக்கும்?

தாம்பரம் பக்கம் நர்சிங் டியூட்டராக இருக்கிறேன். ஐ.வி. (நரம்பில் ஊசி) போடப் பழகும் லேடெக்ஸ் (ரப்பர்) பொம்மைக் கை, பெரியவர் அளவு, வாங்கி நான்கு வருடம். மூன்று வாரமாக முழங்கை மடிப்பில் சிவப்புத் தண்ணீர் ஒழுகுகிறது.

அந்தக் கையை ஒரு மாணவியின் தோளோடு கட்டி, போர்வை போர்த்தி, அவளையே நோயாளியாகப் பேச வைப்போம். "வலிக்குமா சிஸ்டர்?" என்று அவள் கேட்டால்தான் குத்துகிறவள் முகம் பார்த்துப் பதில் சொல்கிறாள். வெறும் பொம்மை என்றால் ஊசியை மட்டுமே பார்க்கிறாள். இப்போது கட்டியிருப்பவள் மடியெல்லாம் நனைகிறது.

ஓட்டை சிறிதாகட்டும் என்று, கேனுலாவில் (நரம்பில் ஏற்றும் ஊசிக்குழாய்) தடித்த 18 கேஜ் பச்சையை விட்டு மெல்லிய 22 நீலத்துக்கு மாறினோம். அப்புறம் சைக்கிள் பஞ்சர் பசையும் போட்டுப் பார்த்தோம். இரண்டு நாள் தாங்கியது. விற்ற கடையில் முழுக் கையையும் வாங்கச் சொல்கிறார்கள். அடுத்த மாதம் செய்முறைத் தேர்வு.

சென்னையில் மேல்தோலும் நரம்புக் குழாயும் மட்டும் தனியாக எங்கே கிடைக்கும்?