கரிக்கோச்சி வீடியோ: ஜனவரிக் கூதலில் நீலகிரியில் எங்கே நிற்பது?

கல்லடி வாவியோரம்:
மட்டக்களப்பில் இருந்து இரண்டு பேர் ஜனவரி கடைசிக் கிழமை நீலகிரி மலைக்கோச்சியை (மலை ரயிலை) வீடியோ எடுக்கப் போகிறோம். கையில் 3 நாள். ஒரு கமரா, 24–105 லென்ஸ், ட்ரைபொட், தனி ஒலிப்பதிவுக் கருவி இருக்கு. ஊட்டியில் தங்கி, புல்லில் உறைபனி படிஞ்ச விடியலில் ஸ்டீம் என்ஜின் வாறதை எடுக்கிறதுதான் முதல் திட்டம். பிறகு வாடகைக் காரில் கோச்சிக்கு முன்னால் ஓடி நாலைந்து இடத்தில் பிடிக்க யோசனை.
இரண்டு சந்தேகம். ஒன்று, சில வீடியோவில் ஆவி வெள்ளைவெளேரென்று திரண்டு நிற்குது, சிலதில் ஒன்றுமே தெரியல்ல. அதே என்ஜின், அதே பாதை. ஏன் அப்படி? மற்றது, காரில் துரத்த எந்த இடங்கள் சரிவரும்?

ஏறாவூர்ச் சந்தி:
தம்பி, முதலில் ஊட்டித் திட்டத்தை மாத்துங்க. நீராவி என்ஜின் ஓடுறது மேட்டுப்பாளையம் – குன்னூர் துண்டில். குன்னூரில் டீசல் மாட்டித்தான் ஊட்டிக்குப் போகும். ஊட்டி உறைபனியில் நிண்டா டீசல் கோச்சிதான் கிடைக்கும். மேட்டுப்பாளையத்தில் ஓர் இரவு, குன்னூரில் இரண்டு இரவு தங்குங்க.
ஆவி தெரியாததுக்குக் காரணம் காற்று. புகைபோக்கியில் இருந்து வரும் நீராவி கண்ணுக்குத் தெரியாது. குளிர்ந்து நுண்துளியானால்தான் வெள்ளை. 30 பாகை வெப்பக் காற்று ஒரு கன மீட்டருக்கு 30 கிராம் அளவு நீராவியைத் தாங்கும், 15 பாகைக் காற்று 13 கிராம் அளவுதான். அதனால கூதல் காற்றில் துளிகள் கரையாமல் நீண்ட நேரம் நிற்கும், சூட்டில் உடனே காய்ஞ்சிரும். ஈரப்பதனும் முக்கியம். நம்மட ஊரில் காய்ஞ்ச கச்சான் காற்று அடிக்கிற நாளில் கேத்தில் ஆவி மூக்கோடயே மறையும், மாரி மழை விட்ட காலையில் அதே ஆவி சுருண்டு எழும்பும். அதே கணக்குத்தான்.
ஆகவே உங்களுக்குப் பொன்னான நேரம் கோச்சி 7.10க்குப் புறப்படுறதுக்கு முந்தின ஒரு மணித்தியாலம், மேட்டுப்பாளைய நிலையத்தில். அங்க ஜனவரியில் சூரியன் 6.45 அளவில் எழும்பும். வெளிச்சம் ஆவிக்குப் பின்னால இருக்கிற மாதிரி நில்லுங்க. முன்வெளிச்சத்தில் வெள்ளை ஆவி வெளிறிய வானத்தோட கலந்து போகும். பின்வெளிச்சத்தில் ஒவ்வொரு சுருளும் விளிம்போட மின்னும். என்ஜின் நகரத் தொடங்கும்போது சிலிண்டர் வடிகுழாயைத் திறப்பாங்க, கொதிநீரும் ஆவியும் பக்கவாட்டில் பீறிடும். அஞ்சு மீட்டர் தள்ளி நில்லுங்க, லென்ஸுக்கு ஒரு கண்ணாடி ஃபில்டர் போடுங்க.

வாழைச்சேனைப் பாலம்:
துரத்துவது பற்றி. நேரம் பிரச்சினை இல்லை. பற்சட்டப் பகுதியில் (என்ஜினின் பற்சக்கரம் பிடித்து ஏற, தண்டவாளத்துக்கு நடுவே பல் வைத்த சட்டம் போட்ட ஏற்றத்தில்) வேக எல்லை மணிக்கு 13 கி.மீ. குன்னூருக்குக் கோச்சி 10.30 அளவில்தான் போய்ச் சேரும். கார் அதற்கு வெகு முன்னரே போய்விடும். சிக்கல், சாலையும் தண்டவாளமும் சேர்ந்து போகாதது. அடர்லி, ஹில்குரோவ் நிலையங்கள் இரண்டும் காட்டுக்குள். தண்ணீர் பிடிக்க ஹில்குரோவில் நிற்பதை எடுக்க வேண்டுமென்றால் பயணச்சீட்டோடு கோச்சிக்குள் இருக்க வேண்டும். தண்டவாளம் வழியே நடந்து போகாதீர்கள்: அது சட்டப்படி குற்றம், கல்லாற்றுக்கு மேலே யானைகளும் தண்டவாளத்தில் வரும்.
காருக்குச் சரிவரும் இடம் கல்லாறு, காட்டேரிப் பூங்காவை அண்டிய ரன்னிமேடு, குன்னூர். மூன்று போதும். நாலைந்து என்று ஓடினால் ட்ரைபொட்டை விரித்து மட்டம் பார்க்கவே நேரம் போதாது, எல்லாத் துண்டும் அரைகுறையாகும். முதல் நாள் கோச்சியில் ஏறிப் போய் வளைவுகளைக் குறித்துக்கொள்ளுங்கள், இரண்டாம் நாள் காரில் துரத்துங்கள், மூன்றாம் நாளை ஒலிக்கு விடுங்கள். சீட்டு 60 நாளுக்கு முன்னரே திறக்கும், வேகமாக முடிந்துவிடும். வெளி வாகனம் நீலகிரிக்குள் நுழைய இ-பாஸ் எடுக்க வேண்டும்.
இன்னொன்று, பலர் கோட்டை விடுவது: ஏறும்போது என்ஜின் முன்னால் இல்லை. கொளுக்கி அறுந்தாலும் பெட்டிகள் பள்ளத்தில் ஓடாதபடி, பின்னால் நின்று தள்ளும். நேரெதிரே நின்றால் பெட்டியின் முகமும் அதற்குப் பின்னால் புகையும்தான் வரும். வளைவின் வெளிப்பக்கம் நில்லுங்கள். பெட்டிகள் கடந்து என்ஜின் உங்கள் நேருக்கு வரும்வரை கமராவை நகர்த்தாதீர்கள், பிறகு மெதுவாகக் கூடவே திருப்புங்கள். மாலை இறக்கத்தில் என்ஜின் முன்னால் வரும், ஆனால் உழைப்பு இல்லாததால் ஆவி குறைவு. ஏற்றமே எடுக்கத் தகுந்தது.

கல்லடி வாவியோரம்:
மிக்க நன்றி அண்ணன்மார். மூன்றாம் நாளை ஒலிக்கு என்றீர்களே, எங்கே வைப்பது? கமராவில் என்ன அளவு?

வாழைச்சேனைப் பாலம்:
ஒலிக்குக் கல்லாறு. அங்கேதான் பற்சட்டம் தொடங்குகிறது. அதன் நுழைவுத் துண்டு வில்லின் (ஸ்பிரிங்) மேல் இருக்கும். பல் பொருந்தும்வரை கோச்சி நடை வேகத்தில் ஊரும். இந்த எக்ஸ் வகை என்ஜினுக்கு நாலு சிலிண்டர். சமதளத்தில் உயரழுத்தச் சிலிண்டர் இரண்டும் சில்லைச் சுழற்றி, ஆவி நேரே புகைபோக்கிக்குப் போகும். பல்லில் ஏறியதும் அதே ஆவி தாழழுத்தச் சிலிண்டர்களுக்குள் போய்ப் பற்சக்கரத்தைச் சுழற்றும். அந்தப் பக்கம் விரைவாகச் சுழல்வதால் "புஸ், புஸ்" என்ற துடிப்பு சட்டென்று நெருக்கமாகும். அந்த மாற்றம் ஒரே ஒலிப்பதிவில் விழ வேண்டும். வெட்டி ஒட்டினால் உயிர் போய்விடும்.
மைக்குக்கு உரோம உறை போடுங்கள். சாதாரண ஓட்டத்தின் உச்சம் -18 டெசிபல் அளவில் இருக்கட்டும், விசில் அதைவிட எவ்வளவோ மேலே போகும். தானியங்கி ஒலியளவை நிறுத்துங்கள். ஒரு விசிலுக்குப் பின் பல விநாடி எல்லாம் அமுங்கிப் போவது அதனால்தான்.

ஏறாவூர்ச் சந்தி:
கமராவுக்கு: அங்கேயும் 50 ஹேர்ட்ஸ் மின்சாரம், அதனால நொடிக்கு 25 ஃபிரேம், ஷட்டர் 1/50. இல்லாட்டி நிலைய விளக்கு துடிக்கும். வெயிலுக்கு, ஒளியைக் குறைக்கிற என்டி 8 ஃபில்டர். சீப்ராவை (ஒளி மிஞ்சின இடத்தில் திரையில் கோடு காட்டுற வசதி) 95இல் வைச்சு, ஆவியில் கோடு விழாதவரை ஒளியைக் குறைங்க. ஒளி மிஞ்சி வெள்ளையில் விவரம் அழிஞ்சா பிறகு மீட்க ஏலாது. ஃபோக்கஸைக் கையால் பூட்டுங்க, இல்லாட்டி ஆவி வந்ததும் லென்ஸ் முன்னும் பின்னும் அலையும். வெண்சமநிலை 5600 கெல்வினில் நிலையாக இருக்கட்டும். ட்ரைபொட்டில் நடுக்கம் குறைக்கிற நிலைப்படுத்தியை நிப்பாட்டுங்க, கமராவைத் திருப்பி முடிக்கிற இடத்தில் அது படத்தை இழுக்கும்.
பிறகு ஒரு பொறி இருக்கு. குன்னூர்க் கூதலில் கிடந்த கமராவோட மாலையில் மேட்டுப்பாளையத்துக்கு இறங்கினா, கீழே உள்ள ஈரச்சூட்டில் கண்ணாடி முழுக்க வியர்க்கும். துடைச்சாலும் திரும்ப வரும், ஏனெண்டா உள்கண்ணாடியும் குளிர்ந்திருக்கு. மேலேயே சிலிக்கா பையோட காற்றுப் போகாத பையில் கட்டுங்க, கீழே வந்து அரை மணித்தியாலம் கழிச்சுத் திறங்க.

அக்கரைப்பற்று ஒலிவில்:
திகதியைப் பற்றி. நவம்பர், டிசம்பரில் வடகீழ்ப் பருவமழையால் பாதையில் மண்சரிந்து ஓட்டம் நிற்பது அடிக்கடி நடக்கிறது. பொங்கல் விடுமுறையில் சனக்கூட்டம். நீங்கள் எடுத்த ஜனவரி கடைசி சரியான நேரம், இருந்தாலும் முந்தின நாள் இரவு ஓட்டம் இருக்கிறதா என்று பாருங்கள். சென்னையில் இருந்து இரவு நீலகிரி எக்ஸ்பிரஸ் எடுத்தால் விடியலில் மேட்டுப்பாளையத்தில் இறக்கும், மலைக்கோச்சிக்கு இணைப்பும் அதுதான்.
போக முன்னம் நம்மூர் உதயதேவிக் கோச்சியை ஓட்டமாவடிப் பாலத்தடியில் நாலைந்து தரம் எடுத்துப் பழகுங்கள். பாலத்தில் கோச்சி மெதுவாகப் போகும், மலையில் உங்களுக்குத் தேவையான திருப்பும் வேகமும் கிட்டத்தட்ட அதுதான்.