மறு: ‘சளி மாதிரி’ வேண்டாம், நெஞ்சுச்சளி, நடுத்தாரை

எல்லாருக்கும் வணக்கம்.

நாலு நாளா இங்க ஸ்பெசிமென்னுக்கு, அதாவது டெஸ்டுக்குன்னு டப்பாவுல எடுத்துக் கொடுக்குற சளி, யூரின் இதுக்கெல்லாம், தமிழ்ல என்ன சொல் போடலாம்னு ஓடிக்கிட்டு இருக்கு, மாதிரி, கூறு, பதம், சேகரம்னு வந்ததெல்லாம் படிச்சேன். நான் ஆஸ்பத்திரி லேப்ல மைக்ரோபயாலஜி பெஞ்சுல இருபது வருஷமா இருக்கேன், டப்பா வாங்குற கவுன்டர் எனக்கு நேர் எதிர்ல, அங்க உக்காந்து பாக்குறவளுக்கு என்ன தோணுதுன்னு சொல்லிடுறேன்.

மாதிரிங்குற சொல் பாடப்புத்தகத்துல நிக்குது, அதுல எனக்குச் சண்டை இல்ல. ஆனா எங்க சுவத்துல ‘சளி மாதிரி கொண்டு வரவும்’னு ரொம்ப நாளா ஒட்டியிருந்துச்சு. ரெண்டு வாரத்துக்கு மேல இருமல்னு டிபி சந்தேகத்துல அனுப்பின ஒரு பெரியவர் டப்பாவ நீட்டினார், உள்ள நுரை நுரையா தண்ணி மாதிரி எச்சில். ‘ஐயா இது எச்சில், சளி வேணும்’னேன். அவர் போர்ட காமிச்சு, ‘சளி மாதிரி இருந்தா போதும்னு போட்டிருக்கேம்மா’ன்னார். அவர் படிச்சதுல ஒரு தப்பும் இல்ல. பேச்சுல மாதிரின்னா போலங்குறதுதானே, எழுதினவங்க தப்பு, அதுல நானும் உண்டு, தினம் அந்த போர்டுக்கு அடியிலதான் நடந்து போறேன்.

எச்சில் வந்தா என்ன கெட்டுப்போச்சுன்னு வெளில இருக்கவங்களுக்குத் தோணலாம். சாதாரண பாக்டீரியா கல்ச்சருக்கு, அதாவது கிருமிய வளர்த்துப் பாக்குற டெஸ்டுக்கு, வந்த சளின்னா முதல்ல ஸ்லைடுல தடவி, செல்லும் கிருமியும் கண்ணுக்குத் தெரிய கிராம் சாயம்னு ஒண்ணு போட்டு சின்ன லென்ஸ்ல பாப்போம், ஒரு பார்வைப் பரப்புல கன்னத்து உள்தோல் செல் பத்துக்கு மேல இருந்தா அது வாய்லேருந்து வந்தது, சீழ் செல் இருபத்தஞ்சுக்கு மேல இருந்தா நெஞ்சுலேருந்து வந்தது, இதுதான் பெரும்பாலும் கணக்கு. கன்னத்து செல்லு பாக்க தட்டையா பெருசா ஓரம் மடிஞ்ச அப்பளம் மாதிரி இருக்கும், மேல வாய்ல இருக்குற கிருமி எல்லாம் ஒட்டிக்கிட்டு இருக்கும். அதை கிருமி வளர்க்குற தட்டுல போட்டா வாய்க் கிருமிதான் காடா வளரும், நிமோனியா உண்டாக்கினது அடியில மறைஞ்சு போயிடும். டிபின்னா இன்னும் மோசம், டிபி கிருமி வளர்க்குற எல்ஜே மீடியத்துல போட்டா 8 வாரம் வரைக்கும் வாரா வாரம் பாத்துட்டுதான் இல்லைன்னு எழுதுவோம், டப்பாவுல இருந்தது வெறும் எச்சில்னா அந்த 8 வாரமும் வீண், அந்த ஆளு இருமிக்கிட்டே வீட்ல பேரப்பிள்ளையோட படுத்திருப்பார்.

அதனாலதான் ‘பதம்’ போடலாம்னு எழுதின ஐயாகிட்ட நான் ஒத்துப்போகல. ஒரு பானை சோத்துக்கு ஒரு சோறு பதம்ங்குறது அழகான சொல்லு, கேட்டதும் எனக்கும் புடிச்சுது. ஆனா பானையில எந்தப் பருக்கைய எடுத்தாலும் ஒண்ணுதான், எல்லாம் ஒரே தண்ணியில ஒரே தீயில வெந்தது. உடம்பு அப்படி இல்ல. மேல இருக்குறது வேற, அடியில இருக்குறது வேற, முதல்ல வர்றது வேற, நடுவுல வர்றது வேற. எங்கேருந்து எடுத்தோம், எப்ப எடுத்தோம்ங்குறதுதான் சாம்பிளோட உயிரு, பதம்னு சொன்னா எது எடுத்தாலும் சரிங்குற எண்ணம் வந்துரும்.

நான் சொல்ல வர்றது இவ்வளவுதான். ஸ்பெசிமென்ங்குற பொதுச்சொல்லுக்குத் தமிழ் தேடி நேரம் போக்க வேண்டாம், சாம்பிள்னு எல்லாருக்கும் புரியுது, அது இருக்கட்டும். டப்பாவ கையில வாங்கிட்டுப் போறவருக்கு என்ன எடுக்கணும்னு சொல்லுற சொல்லுதான் நமக்கு வேணும். ஸ்பூட்டம்னு நாங்க சொல்ற, நெஞ்சுலேருந்து வர்ற சளிக்கு அது புதுசா பண்ண வேண்டியதே இல்ல, ஊர்ல இருக்கு: நெஞ்சுச்சளி. ‘பிள்ளைக்கு நெஞ்சுச்சளி கட்டிக்கிச்சு’ன்னு எல்லா வீட்லயும் சொல்றாங்க, மூக்குச்சளி வேற இது வேறன்னு பாட்டிக்கும் தெரியும். வெறும் சளின்னு எழுதினதாலதான் மூக்கச் சிந்தி கொண்டு வர்றவங்களும் உண்டு. கோழைன்னு ஒருத்தர் போட்டிருந்தீங்க, அதுவும் சரியான சொல்தான், ஆனா இப்ப எங்க பக்கம் சின்னப் பசங்களுக்கு அது பயந்தாங்கொள்ளிதான். நெஞ்சுச்சளின்னு எழுதிட்டு கீழ ‘காலையில எழுந்ததும் வாய் கொப்புளிச்சு, மூச்ச நல்லா இழுத்து, அடிநெஞ்சுலேருந்து இருமித் துப்பவும்’னு போட்டா முடிஞ்சுது.

யூரின்தான் கஷ்டம். முன்னாடி வர்றதையும் கடைசியையும் விட்டுட்டு நடுவுல புடிக்கிற மிட்ஸ்ட்ரீமுக்கு ஊர்ல சொல் இல்ல. இடைச்சிறுநீர், மைய ஓட்டச் சிறுநீர்னு ரெண்டு வந்திருக்கு. இடைன்னா இடுப்பான்னு கேக்குறாங்க, மைய ஓட்டம் வாய்ல நுழையல. நான் சொல்றது நடுத்தாரை. தாரை இலக்கியச் சொல்லாச்சேன்னு ஒரு தங்கச்சி எழுதியிருந்தாங்க. ‘தாரை தாரையா கண்ணீர் விட்டா’ன்னு யார் சொல்லல, கல்யாணத்துல தாரை வாக்குறோம், விடாம ஒழுகுற நீருக்கு தாரைன்னு எல்லாருக்கும் காதுல இருக்கு. நடுத்தாரைன்னா வர்ற தாரையில நடுவுல உள்ளதுன்னு சொல்லே சொல்லிடுது.

ஏன் நடுவுலன்னா, வெளிவாசல் தோல்ல எப்பவும் கிருமி இருக்கும், முதல்ல வர்றது அதை அடிச்சுக்கிட்டு வரும், அதை விட்டுடணும். நாங்க லூப்னு ஒரு வளையக்கம்பியால ஒரு மில்லியில 1000ல ஒரு பங்கு எடுத்து தட்டுல இழுப்போம், மறுநாள் 100 புள்ளி முளைச்சிருந்தா மில்லிக்கு 1 லட்சம்னு கணக்கு. அந்த 1 லட்சம்ங்குற கோடு பாஸ்டன்ல எட்வர்ட் காஸ்ங்குற டாக்டர் 1956ல எழுதினதுலேருந்து வருது, சுத்தமா எடுத்த யூரின்ல அதுக்கு மேல இருந்தா தோல் கிருமி இல்ல, உள்ள தொற்று இருக்குன்னு பிரிக்கிறதுக்கு. எடுத்ததே சரியில்லன்னா அந்தக் கோட்டுக்கு அர்த்தமே இல்ல. வெயில்ல ரெண்டு மணி நேரம் பையில வெச்சிருந்து கொண்டு வந்தாலும் அதே கதைதான், நல்ல சூடும் சத்தும் கிடைச்சா ஈ. கோலைங்குற கிருமி 20 நிமிஷத்துக்கு ஒரு தடவை ரெண்டா பிரியும், ரெண்டு மணி நேரத்துல ஒண்ணு 64 ஆயிடும். யூரின்ல அவ்வளவு வேகம் இருக்காது, ஆனாலும் பிரிட்ஜுல வெக்காம விட்டா எண்ணிக்கை பொய்தான்.

ஆறு மாசம் முழுகாம இருந்த ஒரு பொண்ணுக்கு ரெண்டு தடவை தட்டுல நாலு விதமா வளந்துச்சு, ரெண்டு தடவையும் ‘கலப்பு வளர்ச்சி, மறுபடி அனுப்பவும்’னு எழுதி அனுப்பினோம், ஒரு வாரம் போச்சு. வயித்துப்பிள்ளைக்காரிக்கு வலி எரிச்சல் இல்லாட்டியும் யூரின்ல கிருமி இருந்தா மருந்து கொடுத்தே ஆகணும், விட்டா கிட்னி வரைக்கும் ஏறிடும், அதனால அந்த ஒரு வாரம் எனக்கு இன்னும் உறுத்துது. மூணாவது தடவை எங்க ஆயாம்மா கூட்டிட்டுப் போய் ‘கழுவிட்டு உக்காரு, முன்னாடி வர்றத விடு, நடுவுல புடி, கடைசியையும் விட்டுடு’ன்னு வாசல்ல நின்னு சொல்லி அனுப்பினாங்க. மறுநாள் மெக்கான்கின்னு நாங்க சொல்ற வளர்ப்புத் தட்டுல ஒரே இனம், ரோஸ் கலர் புள்ளி, ஓரம் வழவழன்னு, ஈ. கோலை. நடுத்தாரைங்குற சொல்லு எனக்குப் பொறந்தது அந்த ஆயாம்மா வாய்லேருந்துதான்.

கல்ச்சருக்கு வளர்ப்பு போதும்னு நெனக்கிறேன், திசு வளர்ப்பு, காளான் வளர்ப்புன்னு ஏற்கனவே இருக்கு. மெஷின் மொழிபெயர்ப்புல சிறுநீர் கலாச்சாரம்னு வர்றது கண்ணுல பட்டா தயவுசெஞ்சு திருத்துங்க. வளர்ப்புச் சோதனைன்னு சொன்னா ‘ஏன் ரெண்டு நாள் ஆகுது’ன்னு கேக்குறவங்களுக்குப் பதில் அதுலயே இருக்கு, விதைச்சுட்டு முளைக்கக் காத்திருக்கோம். தட்டுல கிருமி வளர ஊத்துற ஜெல்லியான அகாருக்கும் புதுச்சொல் வேண்டாம், நோன்புக்கு வீட்ல காச்சுற கடல்பாசி அதேதான். கிருமி ஆராய்ச்சி பண்ண ராபர்ட் கோஹ் லேப்ல வேலை பாத்த வால்டர் ஹெஸ்ஸேயோட மனைவி ஃபேனி 1881ல ஜெல்லி செய்யுற தன் சமையக்கட்டு அனுபவத்துலேருந்துதான் அதை எடுத்துக் கொடுத்தாங்க, அதனால சமையல் பேரே இருக்கட்டும்னு எனக்கு ஆசை.

திங்கக்கிழமை போர்ட மாத்துறோம், நெஞ்சுச்சளி, நடுத்தாரை ரெண்டும் பெரிய எழுத்துல. ஒரு மாசம் எச்சில் டப்பாவும் கலப்பு வளர்ச்சியும் எத்தனைன்னு நோட்டுல குறிச்சு வெச்சு இங்க போடுறேன். புண்ணுலேருந்து பஞ்சுக்குச்சியால ஸ்வாப் எடுக்குறதுக்கு மட்டும் சொல் கிடைக்கல, ஒத்தின்னு யோசிச்சேன், மேல இருக்குற சீழ தொடச்சுட்டு அடியில ஒத்தி எடுக்கணும்ங்குறது அந்தச் சொல்லுல வரல, யாருக்காவது தோணினா எழுதுங்க.