புதுப்பிப்பு: பழைய புல்லட்டில் கேஸ் ஷாக், நீளக் கணக்கில் ஒரு திருத்தம்

"பழைய புல்லட் ஃப்ரேமில் கேஸ் ஷாக் போடலாம், 10 மி.மீ. நீளம் கூடினாலும் பாதகமில்லை" என்று முன்பு எழுதியிருந்தேன் (கேஸ் ஷாக் என்பது வாயு அடைத்த பின்பக்க ஷாக் அப்சார்பர்). அந்த 10 மி.மீ.யைத் திரும்பப் பெறுகிறேன். நீளம் கூடினால் பின்சக்கரம் அவ்வளவுக்குக் கீழே தொங்கும். சென்டர் ஸ்டாண்டு போட்டாலும் டயர் தரையிலேயே நிற்கும். பஞ்சர் ஆகும்போதுதான் அந்தக் கஷ்டம் தெரியும். பழைய ஷாக்கின் மேல் கண் (போல்ட் நுழையும் வளையம்) மையத்திலிருந்து கீழ்க் கண் மையம் வரை அளந்து, அதே அளவு வாங்குங்கள்.

அதைவிட முக்கியம் புஷ். கண்ணுக்குள் இருக்கும் இரும்புக் குழாய் போல்ட்டில் ஆடவே கூடாது. அரை மி.மீ. ஆட்டம் இருந்தாலும் பள்ளத்தில் 'டக் டக்' சத்தம் வரும். போகப் போக போல்ட்டையே தின்றுவிடும். காரைக்குடியில் ஏதாவது லேத் பட்டறையில் அளவுக்கு ஸ்லீவ் (உள்ளே செருகும் குழாய்) கடைந்து வாங்குங்கள். தகரத்தைச் சுற்றி ஒப்பேற்றுவது ஒரு மாதம்கூடத் தாங்காது.

நட்டை முடுக்குமுன் ஸ்பிரிங்குக்கும் செயின் கார்டுக்கும் நடுவே விரல் நுழைகிறதா பாருங்கள். ஆள் உட்கார்ந்ததும் ஷாக் அமுங்கும் மொத்த 75 மி.மீ. தூரத்தில் 20 முதல் 25 மி.மீ. இறங்க வேண்டும், இறங்காவிட்டால் ப்ரீலோடை (ஸ்பிரிங்கை முன்கூட்டியே அமுக்கி வைத்திருக்கும் அளவை) தளர்த்துங்கள். பிறகு செயின் தொய்வையும் சரிபாருங்கள்.

கானாடுகாத்தான் பக்கம் செம்மண் ரோட்டில் ஓட்டுபவர்கள் ஷாக்கின் ராடை (உள்ளே போய்வரும் கம்பியை) ஈரத்துணியால் துடைத்தால் போதும். எண்ணெய் தடவினால் தூசி ஒட்டி, ராடைச் சுற்றியுள்ள ரப்பர் ஆயில் சீலை அறுத்துவிடும்.