அம்மாவின் விசுவாசம் ஆடிப்போயிருக்கிறது, வழி சொல்லுங்கள்

அம்மாவுக்கு 68 வயது, பாளையங்கோட்டை. இரண்டு மாதமாக ஆராதனையில் விசுவாசப் பிரமாணம் சொல்லும்போது எழுந்து நிற்கிறார், வாய் மட்டும் அசைவதில்லை. வீட்டுக்கு வந்த ஒருவர், திரித்துவத்தை (பிதா, குமாரன், பரிசுத்த ஆவி மூவரும் ஒரே கடவுள் என்பதை) சொல்லும் 1 யோவான் 5:7 பிற்காலச் சேர்க்கை என்று சொல்லிவிட்டுப் போனதிலிருந்து இப்படி.

அவர் சொன்னது பொய் இல்லை. பழைய கிரேக்கப் பிரதிகளில் அந்த வரி கிடையாது, கிரேக்கப் புதிய ஏற்பாட்டை அச்சில் கொண்டுவந்த அறிஞர் எராஸ்மஸ்கூட தன் 1516 பதிப்பில் விட்டுவிட்டு 1522இல்தான் சேர்த்தார். 325இல் விசுவாசப் பிரமாணத்தை வகுக்க நிசேயா சங்கத்தில் கூடிய ஆயர்கள் அந்த வசனத்தை வைத்து வாதாடவில்லை என்றும் எடுத்துச் சொன்னேன், அம்மா இன்னும் உடைந்துவிட்டார். அவருடைய பழைய வேதாகமத்தில் அந்த வசனத்துக்குத்தான் சிவப்புப் பென்சிலில் கோடு போட்டிருக்கிறார். பிதா, குமாரன், பரிசுத்த ஆவியின் நாமத்தில் ஞானஸ்நானம் கொடுக்கச் சொல்லும் மத்தேயு 28:19 காட்டினால், "இதுவும் சேர்த்ததா?" என்கிறார். போதகர் ஜெபிக்கச் சொன்னதோடு சரி.

இப்படி ஒருவரோடு உட்கார்ந்து பேசிய அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்: அம்மாவோடு வேதத்தில் எந்தப் பகுதியிலிருந்து மறுபடி வாசிக்கத் தொடங்கலாம்?