தங்கச்சிக்கு 3 கிழமையா வயித்தோட்டம்: ஜியார்டியா (குடல் ஒட்டுண்ணி) பரிசோதனை எங்க செய்யலாம்?

நாங்கள் உப்புவெளி. தங்கச்சி கம்பஸ் பிள்ளைகளோட 10 நாள் நேபாளம் போய் வந்தவள். காத்மண்டுவில போத்தல் தண்ணிதானாம். மலைப்பக்கம் நடக்கேக்க குழாய்த் தண்ணியும் குடிச்சிருக்கிறாள், அதை இப்பதான் வாய் திறந்து சொல்லுறாள்!

வந்து 5ஆம் நாள் தொடங்கினது, இண்டைக்கு 23 நாள். காய்ச்சல் இல்லை, ரத்தம் போகேல்லை. நாளுக்கு 5, 6 தரம், எண்ணெய்ப்பசையா மிதக்குது. ஏவறை விட்டாக் கூழ்முட்டை மணம். 4 கிலோ குறைஞ்சு, போன மாசம் இறுக்கமா இருந்த பாவாடைக்கு இப்ப ஊசி குத்துறாள்.

ஜீவனி (தண்ணியில கரைச்சுக் குடிக்கிற உப்புத் தூள்) விடாமக் குடுக்கிறம். அம்மம்மா மாதுளங்கோது அவிச்சுக் குடுத்தா. முதல் டொக்டர் தந்த சிப்ரோபுளோக்சசின் 5 நாளும் முடிஞ்சுது, அது பாக்டீரியாவுக்குத்தான், ஜியார்டியா மாதிரி ஒட்டுண்ணிக்குச் சரிவராதாம். பால் தேத்தண்ணி நிப்பாட்டினாப் பிறகு வயித்துப் பொருமல் கொஞ்சம் குறைவு.

மலப் பரிசோதனை ஒருக்காச் செய்தது, ஒண்டும் இல்லையாம். ஜியார்டியா எல்லா நாளும் மலத்தில தெரியாது, வேற வேற நாளில 3 மாதிரி பார்க்கோணும் எண்டு இரண்டாவது டொக்டர் சொல்லுறா.

திருகோணமலை டவுனுக்குள்ள 3 மாதிரியும் எடுத்து ஜியார்டியா ஆன்டிஜன் பரிசோதனை (மலத்தில அந்த ஒட்டுண்ணியின்ர புரதத்தைத் தேடுறது) செய்யிற லேப் இருக்கோ, இல்லாட்டி மட்டக்களப்புக்குத்தான் கொண்டுபோகோணுமோ?